பெயர்ச்சொல் இல்லாத வீடு

எனக்கு நான்கு பாஷை பேச வரும். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். தமிழ் பிறந்த வீட்டில் வந்தது. தெலுங்கு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த கதவுக்காரர்களிடமிருந்து பலகைச் சுவர் வழியாக வந்தது. மலாய் ஒரு ஜாவாக்காரப் பெண் கொடுத்தது. சீனம் மீன் வாங்குகிற அளவுக்கும், மீன் கெட்டிருந்தால் திட்டுகிற அளவுக்கும் போதும். எழுத்து மட்டும்தான் கொஞ்சம். அதுவும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஒரு காரணத்துக்காகக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு எழுத்தாக வைத்துத்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

குளுவாங்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் போகிற பாதையில், உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். ரப்பர் விலை விழுவதற்கு முந்தின வருஷங்கள். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவர் ஊரில் கொஞ்சம் படித்தவர். தகப்பனார் போனதும் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினவர். அவர் படிப்பை விட்டாரே தவிர, இலக்கணம் அவரை விடவில்லை. மற்ற ஆம்பிளைகள் வேலை முடிந்து வந்து வெற்றிலை போடுவார்கள். இவர் ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டு மென்றுகொண்டிருப்பார்.

"உலகத்துல இருக்கிற அத்தனை வார்த்தையும் நாலே வகைதான் புள்ள," என்பார். "பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல்."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். "அப்படின்னா?"

"அரிசி, கல்லு, முறம், இதெல்லாம் பெயர்ச்சொல். நீ பொறுக்குறே பாரு, அது வினைச்சொல். 'கல்லும்'னு சொல்லும்போது கடைசியில ஒரு 'உம்' வருதுல்ல, தனியா நிக்காது, ஒண்டிக்கிட்டேதான் வரும், அது இடைச்சொல்."

"நாலாவது?"

"உரிச்சொல். அது பழைய பாட்டுல வரும்."

"நம்ம தோட்டத்துல வராதா?"

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துல வராது," என்று ஒத்துக்கொண்டார்.

தோட்டத்து எல்லையில், ஓடைக்கு அந்தப் பக்கம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள் நாலைந்து இருந்தன. அதில் ஒன்றில் அந்த ஜாவாக்காரப் பெண் இருந்தாள். வாழைப்பழமும் மரவள்ளிக்கிழங்கும் விற்பாள். என்னைவிட மூத்தவள் என்பதால் அவளை 'காக்' என்பேன். மலாய்க்காரர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டுப் படியில் போய் உட்காருவோம். நான் பழம் வாங்கப் போவேன். அவர் வார்த்தை வாங்க வருவார்.

"காக், 'நான் போனேன்' எப்படிச் சொல்லுவீங்க?"

"சாயா பெர்கி."

"அவன் போனான்?"

"டியா பெர்கி."

"மாடு போச்சு?"

"லெம்பு பெர்கி."

"தொரை போனாரு?"

"துவான் பெர்கி."

"சுல்தான் போனாரு?"

அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஷ்ஷ். சுல்தானுக்குப் பெர்கி சொல்லக் கூடாது ஆபாங். சுல்தான் போனா, பெராங்காட். அது வேற வார்த்தை." யாராவது கேட்டிருப்பார்களோ என்று ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் அதே பேச்சு. சுல்தானைத் தவிர மாட்டுக்கும் துரைக்கும் ஒரே வினையா, மரியாதையே கிடையாதா என்று நான் கேட்டேன். "இருக்கு புள்ள, வேற இடத்துல இருக்கு. துவான்னா தொரை, ஆபாங்னா அண்ணன், காக்னா அக்கா, பேருக்கு முன்னாலேயே வச்சிடுறாங்க. நாம வினைச்சொல்லுல கடைசியில வச்சிருக்கோம், போனாருன்னு."

அப்போது நான் சொன்னேன். பனி ஈரத்தில் புல் மிதித்து நடந்துகொண்டே சொன்னது, அப்படியே நினைவிருக்கிறது. "நம்ம வார்த்தைக்கு வயித்துல காலம் இருக்கு, வாலுல ஆள் இருக்கு. போனேன், போவேன், போனாரு, போவாரு. மலாய் வார்த்தைக்கு வாலும் இல்ல, வயிறும் இல்ல. ஆளையும் காலத்தையும் வெளியில நிறுத்தி வச்சிருக்காங்க."

அவர் நடையை நிறுத்திவிட்டார். "இத உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காதுல விழுது."

"எங்க வாத்தியாரு பிரம்பால அடிச்சுக்கூட இப்படிச் சொன்னதில்ல." அன்றைக்குக் கிழங்குக் கூடையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். லயத்துப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேறொன்று கண்டுபிடித்தோம். நாம் 'பெரிய வீடு' என்போம். அவர்கள் 'ரூமா பெசார்' என்பார்கள். வீடு முதலில், பெரிது பிறகு. நாம் பெரிய, பெரிய என்று சொல்லி ஆளைக் காத்திருக்க வைத்து, கடைசியில் வீட்டைக் காட்டுவோம். அவர்கள் வீட்டை முதலில் நட்டுவிட்டு அப்புறம் பெரிதாக்குவார்கள். வண்டி பேசுகிறவனிடமும் சாமான் விற்கிறவனிடமும் அவர்கள் முறைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். எதைப் பற்றிப் பேச்சு என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படி உலகத்து வார்த்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை மட்டும் கிடையாது. அவருடைய பெயர்.

புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். எங்கள் லயத்தில் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது கணக்கு எழுதுகிற கிராணி, "புருஷன் பேரு என்னா?" என்று கேட்டால், கேட்கப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் நிற்கிறவள் சொல்லுவாள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ஜாடை காட்டுவோம். ஒருத்தி வானத்தைக் காட்டுவாள், ஒருத்தி தலையில் இருக்கிற பூவைக் காட்டுவாள். நான், "மயிலேறி வர்றவரு" என்பேன். மயிலேறி வருகிற சாமிக்கு எத்தனையோ பெயர். கிராணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, சரியானது வந்ததும் தலையை ஆட்டுவேன்.

வீட்டில் கஷ்டமே இல்லை. தமிழ் வினைச்சொல்லின் வாலில்தான் ஆள் இருக்கிறாரே. "வந்துட்டாங்க", "தூங்குறாங்க", "இன்னிக்கு மூஞ்சி சரியில்ல" என்றே வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தலாம். கூப்பிட வேண்டுமென்றால், "இந்தாங்க." மலாயில்தான் மாட்டிக்கொள்வேன். காக்கிடம் போய், "சுடா மாக்கான்", சாப்பிட்டாயிற்று, என்பேன். "சியாப்பா?" என்பாள். யார்? "டியா." "டியா சியாப்பா?" நான் முகவாயால் எங்கள் லயத்துப் பக்கம் காட்டுவேன். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அவளுக்கும் அவர் வெறும் 'ஆபாங்'தான், பெயர் தெரியாது.

இவர் என்னைச் சீண்டுவார். "நாலு வகையில ஒண்ணு பாட்டோட போச்சு. மிச்சம் மூணுல ஒண்ணை நீ வாயிலேயே போடுறதில்ல. ரெண்டை வச்சுக் குடும்பம் நடத்துற கெட்டிக்காரி."

"மத்த எல்லாப் பேரும் சொல்லுறேன்ல?"

"எம் பேரைச் சொல்லு."

"ஆயுசு குறையும்."

"ஒரு தரம் சொன்னா எவ்வளவு குறையும்? ஒரு மத்தியானம் குறையுமா? குறைஞ்சிட்டுப் போவுது. ஒரு தரமாவது உன் வாயால கேட்கணும் புள்ள."

"வாயைக் கழுவுங்க," என்று எழுந்து போய்விடுவேன். அவர் விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தரமும் நான் எழுந்து போன பிறகு முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கல் இல்லாத அரிசியில் கல் தேடுவார். அது எனக்குத் தெரியும்.

பிறகு காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் காய்ச்சல் வராத வீடு எது? ஆனால் அந்தத் தடவை அவருக்கு வந்தது விடவில்லை. குளிர் போட்டு நடுங்குவார், பிறகு கொதிக்கும், பிறகு யாரோ எவரோ என்று என்னைப் பார்ப்பார். ஒருநாள் நான் வேலைக்காட்டிலிருந்து பால் வாளியோடு திரும்பினால் பாய் காலியாக இருந்தது. காய்ச்சல்காரர்களையெல்லாம் லோரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாக அடுத்த வீட்டுத் தெலுங்கம்மா சொன்னாள்.

மறுநாள் கிளம்பினேன். கங்காணியின் பெண்சாதி, "நானும் வரட்டா? அங்க எல்லாம் மலாய்லதான் பேசுவாங்க," என்றாள். "எனக்கு மலாய் வரும்," என்றேன். அவளுக்கு வராது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் திரும்பிப் போய்விட்டாள். காக் ஓடைவரை வந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ரசம் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, பெரிய ரோட்டில் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஏறிப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு ஒரு சீன கிராணி உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவர், பிள்ளையை முதுகில் கட்டின சீனப் பெண் ஒருத்தி. நம்ம ஆள் ஒருத்தரும் இல்லை. தமிழ் தெரிந்த, மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். எனக்கென்ன, நான்தான் மலாய்க்காரியாயிற்றே. நிமிர்ந்து நின்று, என் வீட்டுக்காரர் இங்கே இருக்கிறார், பார்க்க வேண்டும் என்று மலாயில் தெளிவாகச் சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்தார். "நாமா?"

பெயர்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் எப்போதும் யாராவது பக்கத்தில் நின்றார்கள்; அதனால் இருக்கலாம். நான் பக்கத்தில் பார்த்தேன். முதுகில் இருந்த சீனக் குழந்தைதான் என்னைப் பார்த்தது.

மற்ற வார்த்தைகளையெல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆளை முதலில் நட்டு, பிறகு நீட்டினேன், மலாய் முறைப்படி: ஆள் உயரம். ஆள் கறுப்பு. காய்ச்சல். தோட்டத்திலிருந்து வந்தவர்.

"உள்ளே இருக்கிற எல்லாத் தமிழரும் கறுப்பு, எல்லாருக்கும் காய்ச்சல், எல்லாரும் தோட்டம்," என்றார் கிராணி. கோபமாக இல்லை, இருப்பதைச் சொன்னார். "நாமா, காக்."

வேறு வழி தெரியாமல் எங்கள் வழக்கப்படி ஜாடை சொன்னேன். மயிலுக்கு மலாயில் 'புருங் மெராக்' என்று எனக்குத் தெரியும். மயில் மேல் ஏறி வருகிறவர் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "மயில் மேலயா வந்தாரு? நேத்து எல்லாரும் லோரியிலதானே வந்தாங்க."

மலாய்க்காரப் பெரியவர் இருமுவது போலச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. தமிழில் ஜாடை சொன்னால் கேட்கிறவருக்குச் சாமி தெரியும், சாமியின் பெயர்கள் தெரியும். பாஷையைக் கொண்டுவந்த நான் சாமியைக் கொண்டுவர மறந்துவிட்டேன். அவர் முன்னால் இருந்த பெயர்ப் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். வருகிறவர்களுக்கெல்லாம் புத்தகம் முழுக்கப் படித்தால் எப்போது வீட்டுக்குப் போவது என்று கேட்டார். மணி அடித்தால் பார்க்கிற நேரம் முடிந்தது, அதற்குள் பெயரைச் சொன்னால் உள்ளே விடுகிறேன் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் ஒதுங்கித் தூணோரம் நின்றேன். தூக்குவாளி கையில் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றே எழுத்துப் பெயர் போல எனக்குத் தோன்றியது, அவ்வளவு சுலபமாக நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பார்க்கலாம். ஆனால் சொன்னால் குறையும். நல்ல உடம்போடு இருக்கிற மனுஷனுக்கு ஒரு மத்தியானம் குறைந்தால் போகட்டும். உள்ளே கொதித்துக்கொண்டு கிடப்பவருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதிலிருந்து என் கையால் எடுப்பதா? சொல்லாமல் திரும்பினால், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் லயத்துக்குப் போக வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

அந்தத் தூணைத் தாண்டிக் கட்டிடத்தோடு ஒரு வராந்தா போயிற்று. வராந்தா முழுக்கச் சன்னல்கள். கிராணி சொன்னது வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான். வராந்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக நடந்தேன். முதல் சன்னலில் சீனர்கள். அடுத்ததில் மலாய்க்காரர்கள். மூன்றாவதில் எட்டிப் பார்த்தால் வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கம்பளி, இழுத்துப் போர்த்திய நம்ம ஆட்கள். எது யார் என்று சாமிக்குத்தான் தெரியும்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன். "இந்தாங்க."

அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.

ஒருத்தர் வேட்டியைச் சரிசெய்தார். ஒருத்தர், "இதோ வந்துட்டேன்," என்று காலைக் கீழே வைத்தேவிட்டார். நரைத்த மீசைக்காரர் ஒருத்தர் கையை ஊன்றி எழும்பிச் சன்னலைத் தேடினார். எல்லாருடைய பெண்சாதியும் அப்படித்தானே கூப்பிடுவாள். எல்லாருக்கும் தன்னவள் வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்த வெளிச்சம் ஒவ்வொருவராக அணைந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர்களுக்காகவா எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. ஏனென்றால் எழுந்தவர்களில் அவர் இல்லை. மூலைக் கட்டில் ஒன்று மட்டும் அசையவில்லை.

மீசைக்காரர் திரும்பி அந்தக் கட்டிலைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். கம்பளி அப்படியே கிடந்தது.

பிறகு அதற்குள்ளிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "எத்தனை பேரைப் புள்ள கூப்பிடுற?"

வார்டே சிரித்தது. காய்ச்சல்காரர்கள் சிரிப்பு, பாதி இருமல். சத்தம் கேட்டுச் சீன கிராணி ஓடிவந்துவிட்டார். "இதில் யார் உன் ஆள்?" என்றார். நான் முகவாயால் மூலையைக் காட்டினேன். அவர் உள்ளே போய், "நாமா?" என்று இவரிடமே கேட்டார். இவர் தன் பெயரைத் தானே சொன்னார். கிராணி என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதானா? அதைச் சொல்ல என்ன?" என்றார்.

"அவ சொல்ல மாட்டா," என்று இவர் உடைந்த மலாயில் சொன்னார். "எனக்கு ஆயுசு குறையுமாம்."

கிராணி என்னை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு, "எங்க அம்மாவும் அப்பா பேரைச் சொன்னதில்ல. என் பேரைச் சொல்லி, 'இன்னாரோட அப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க," என்றார். மணி அடித்த பிறகும் அவர் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. நான் ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். மீசைக்காரருக்கும் ஒரு பிடி கொடுத்தேன், அவ்வளவு எழும்பினாரே.

சாப்பிட்டுக்கொண்டே இவர் கேட்டார். "வாசல்ல அவன் கேட்டப்போ, சொல்ல வாய் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லலையே."

"சொல்லல."

"சரி," என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, ஒரு குறையும் இருந்தது.

அவர் எழுந்து வீட்டுக்கு வந்து, தெம்பு வந்து, மறுபடி பெரட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கரித்துண்டு. கவிழ்த்து வைத்திருந்த பால் வாளியைக் காட்டி, "எழுத்துப் பழகு," என்றார்.

"எதுக்கு?"

"வாயாலதானே சொல்லக் கூடாது? கையால எழுதக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? இனிமே எங்கயாவது கேட்டா எழுதிக் குடு."

"அந்தச் சீன கிராணிக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமா?"

அவர் கரித்துண்டை உருட்டிக்கொண்டே இருந்தார். "அவன் படிக்கிறதுக்கா எழுதச் சொல்லுறேன்?" என்றார்.

எழுதலாமா என்று நான் லயத்தில் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்றுதான் சொல்லுவார்கள். வேலை முடிந்து வந்து, உலை கொதிக்கிற நேரத்தில், வாளியின் முதுகில் எழுதி எழுதி அழித்தேன். எழுத்துக்கள் மரத்தில் வெட்டுப் போடுகிற மாதிரிதான் எனக்கு வந்தன, சாய்வாகவும் ஆழமாகவும். ஒரு மழைநாள், வேலை இல்லை. அவர் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் முழுப் பெயரையும் எழுதி, "இந்தாங்க," என்று வாளியைத் தூக்கி அவர் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது. வாளியை அவர் மடிக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அதை வாய்விட்டுப் படித்தார், எழுத்துக் கூட்டி, புதிதாகப் படிக்கிற பிள்ளை மாதிரி, தன் பெயரையே. இன்னொரு தரம் படித்தார்.

"ஒரு கால் விட்டுப்போச்சு," என்றார்.

"போட்டுக்கங்க," என்றேன். அவர் போடவில்லை. கரி தானாக உதிர்கிறவரைக்கும் அந்த வாளியைப் பாலெடுக்கக் கொண்டுபோகவும் விடவில்லை. தோட்டத்துக் கிராணியிடம் ஏதோ சொல்லி வேறு வாளி வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகு அவர் நெடுங்காலம் இருந்தார். இந்தக் காகிதத்திலும் அந்தப் பெயரை எழுதலாமே, எழுதுவது குற்றம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாம்தான். ஆனால் நீங்கள் வாய்விட்டுப் படித்துவிடுவீர்கள். அதைப் படிக்கச் சொல்லி நான் எழுதிக் காட்டினது ஒரே ஒருத்தருக்குத்தான்.